உஷார்! பாதி விலைக்கு வரும் ஃபெராரி முழு விலைக்குச் செலவு வைக்கும்

டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையே? நல்லது, கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி நாளைக்கே பணத்தோட வர்றாரு சார்" என்று புரோக்கர் எத்தனை முறை போன் செய்தாலும் சரி, கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் முடியும்வரை ஒரு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஆசை காட்டும் வண்டிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஃபெராரி 360 மொடெனா, எஃப்430, லம்போர்கினி கல்லார்டோ, மசெராட்டி கிரான்டூரிஸ்மோ, ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ், பழைய போர்ஷே 911 என்று பள்ளிக்கூட நோட்டு அட்டையில் ஒட்டிவைத்த கார்கள் எல்லாம் விலைக்கு வந்து நிற்கின்றன. மெக்லாரன் எம்பி4-12சி 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது சுமார் 2,30,000 டாலர். இன்று அங்கே அதே கார் 1,00,000 டாலருக்குக் கீழேயும் கிடைக்கிறது. பாதிக்கும் குறைவு. இங்கேதான் ஆபத்து. இறங்கியிருப்பது காரின் விலை மட்டும். அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் எதுவும் பாதி விலைக்கு இறங்கவில்லை. புதிதாக வாங்கும் கோடீஸ்வரருக்கு என்ன பில்லோ, கடன் போட்டு மூன்றாவது கையாக வாங்குகிறவருக்கும் அதே பில்தான். பார்க்கப்போனால் அவருக்குத்தான் அதிகம். வண்டிக்கு வயதாகிவிட்டது, முந்தைய இரண்டு ஓனர்கள் தள்ளிப்போட்ட வேலைகளும் அவர் தலையில்தான் வந்து விழும்.

வேறு ஒரு கோணத்தில் யோசியுங்கள். இந்த மாதிரி காரை ஒருவர் ஏன் விற்கிறார்? அடுத்த மாடல் வாங்குவதற்காக விற்கிறவர்கள் உண்டு. பெரிய பில் ஒன்று வரப்போகிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்ன மறுவாரம் விற்கிறவர்களும் உண்டு. உங்களிடம் வருவது எந்த வண்டி என்பதை விற்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

"கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்றால் பயப்படுங்கள்

சாதாரண காரில் கிலோமீட்டர் குறைவு என்றால் நல்ல வண்டி. ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கணக்கு செல்லாது. இந்தக் கார்களின் மிகப் பெரிய செலவுகள் பல, ஓடிய தூரத்தைப் பார்த்து வருவதில்லை. ஆண்டைப் பார்த்து வருகின்றன.

ஃபெராரி எஃப்355-ஐ எடுத்துக்கொள்வோம். 1994 முதல் 1999 வரை வந்த வண்டி. 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 40. கேம் ஷாஃப்டை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். ஷெட்டில் நின்றே இருந்தாலும் ரப்பர் கெட்டுப்போகும். அதனால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? இன்ஜினையே வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த ஒரு சர்வீஸ் 10,000 டாலரைத் தொடுவது சர்வசாதாரணம். இறக்கியபின் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஹோஸையும் சீலையும் மாத்திடலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், அடுத்தமுறை அந்த இடத்தைத் தொட மறுபடி இன்ஜினை இறக்க வேண்டுமே. ஆனால் பில் இரட்டிப்பாகும். மாற்றாமல் ஓட்டிப் பெல்ட் அறுந்தால், திறந்து நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதும். அதற்குப் பிறகு இன்ஜினையே பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்து வந்த 360 மொடெனாவில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்தே பெல்ட்டை மாற்றலாம். இன்ஜினை இறக்க வேண்டாம். எஃப்430-ல் பெல்ட்டே இல்லை, செயின்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது, புரோக்கர் "எல்லாம் ஃபெராரிதானே சார்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறார். எந்த மாடல், எந்த ஆண்டு, கடைசியாக எந்தத் தேதியில் பெல்ட் மாற்றியது, பில் எங்கே? இந்த நான்கையும் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பெல்ட்டைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது டயர். எட்டு ஆண்டில் 6,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் டயரைப் பாருங்கள். மேல்பக்கம் தேயாமல் அப்படியே இருக்கும், பளபளவென்று பாலிஷும் போட்டிருப்பார்கள். குனிந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படியுங்கள். கடைசி நான்கு இலக்கம் 3516 என்றிருந்தால், 2016-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர். உள்பக்கமாக அந்த எண் திரும்பியிருந்தால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், சோம்பல் வேண்டாம். பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், சாலையைப் பிடிக்காது. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தது ஒரு போர்ஷே கரேரா ஜிடி-யில். விசாரணையாளர்கள் வேகத்தையே காரணமாகச் சொன்னார்கள். கூடவே அந்த 2005-ம் ஆண்டு காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அது காரின் கட்டுப்பாட்டைக் கெடுத்திருக்கலாம் என்பதையும் பதிவு செய்தார்கள். 600 குதிரைத்திறன் காருக்குப் பழைய டயர் என்றால் அது உயிர் விஷயம். ஆறு ஆண்டைத் தாண்டிய டயரோடு டெஸ்ட் டிரைவ்கூடப் போகாதீர்கள்.

டிராஃபிக் தின்னும் கிளட்ச்

2000-களின் ஃபெராரி, லம்போர்கினி, மசெராட்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு கியர் பிடிகள் இருக்கும். ஓட்டிப்பார்க்கிறவர்கள் "ஆட்டோமேடிக்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அது ஆட்டோமேடிக் இல்லை. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ், ஒற்றைக் கிளட்ச், உங்கள் காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் பம்ப் அதை மிதிக்கிறது. சிக்னலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் உரசித் தேய்கிறது. பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவில் ரிவர்ஸில் ஏற்றுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கொடுமை. சாலையில் நிதானமாக ஓட்டினால் பல ஆண்டு வரும் கிளட்ச், ஓ.எம்.ஆர். மாலை நேர நெரிசலில் மாட்டிக்கொண்டால் 10,000 கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். மாற்றும் செலவோ ஒரு சின்னக் காரின் விலை. ஆஸ்டன் வி8 வான்டேஜில் கியர்பாக்ஸ் பின்பக்கம் இருப்பதால் கிளட்சைத் தொடுவதற்குள் பாதி வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

கம்ப்யூட்டரை மாட்டினால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று காட்டும். "இருபது பர்சென்ட்தான் சார்" என்று அந்தத் திரையை உங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நம்பிவிடாதீர்கள். புதுக் கிளட்ச் பொருத்தும்போது அதன் ஆரம்ப நிலையைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அந்த எண்ணைத் தவறாகப் பதிந்தாலோ, வேண்டுமென்றே மாற்றினாலோ, தேய்ந்த கிளட்சும் புதிது போலக் காட்டும். கிளட்ச் மாற்றிய பில், அன்றைய கிலோமீட்டர், இன்றைய அளவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். காலையில் முதல்முறை கதவைத் திறக்கும்போது பம்ப் ஓடும் சத்தத்தையும் கவனியுங்கள். சில விநாடிகளில் அடங்க வேண்டும். அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்த செலவு அங்கேதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்

பழைய போர்ஷே 911 வாங்க நினைப்பவர்கள் 996 என்ற எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1990-களின் கடைசியிலிருந்து 2005 வரை வந்த இந்த 996 தலைமுறை 911-லும் அதே காலத்து பாக்ஸ்டரிலும் இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஒன்று இருக்கிறது. கையடக்கமான பொருள். அது உடைந்தால் இடைத்தண்டு ஆடும், செயின் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் இதற்காகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் 2013-ல் சமரசம் ஏற்பட்டது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் அதில் வந்தன. அதே காலத்து டர்போ, ஜிடி3 இரண்டிலும் இருப்பது வேறு இன்ஜின், இந்தத் தொல்லை அவற்றில் கிடையாது. மற்றவற்றில், ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுக்கும் இரும்புத் துகள் தெரிந்தால் அந்த வண்டியை விட்டு விலகிவிடுங்கள்.

எஃப்430-ல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் டிக் டிக் என்று கேட்பது அதுதான். நீங்கள் போவதற்கு முன்பே விற்கிறவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், அணைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். 458 இடாலியாவில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். அருமையான பொருள், ஆனால் உள்ளே இருக்கும் சின்ன சென்சார் ஒன்று கெட்டதற்காக முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்லிப் பல்லாயிரம் டாலர் அழுத ஓனர்கள் உண்டு. மெக்லாரன் 12சி-யில் வழக்கமான ஆன்ட்டி ரோல் பார் கிடையாது. அந்த வேலையை வாயு நிரப்பிய ஹைட்ராலிக் குடுவைகள் செய்கின்றன. வாயு இறங்கினால் சொகுசாகப் போன வண்டி மேடுபள்ளத்தில் கல்லாகிக் குலுக்கும். கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் இருந்தால் கண்ணால் பார்த்துத் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. கழற்றி எடைபோட்டு, அதன் நடுவில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். நான்கு டிஸ்க்கும் மாற்றுவது என்றால் ஒரு நல்ல குடும்பக் காரின் விலையைத் தாண்டும். டேஷ்போர்டு பட்டன்களைத் தொட்டால் விரலில் கறுப்பாகப் பசை ஒட்டுகிறதா? பழைய ஃபெராரிகளில் பிளாஸ்டிக் மேல்பூச்சு இப்படி உருகும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். செலவு பெரிதில்லை, ஆனால் கண்ணெதிரே இருப்பதையே கவனிக்காத ஓனர், கண்ணுக்குத் தெரியாததைக் கவனித்திருப்பாரா?

நம் ஊரில் கூடுதலாக மூன்று பயம்

முதலில் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் விலை உயர்ந்த கார்கள் எத்தனையோ மூழ்கின. இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று ஒதுக்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு நிற்பது புதிதல்ல. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தாழ்ந்திருப்பது. முழங்கால் தண்ணீரே அதன் கம்ப்யூட்டர் பெட்டிகளை நனைக்கப் போதும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் அதுவரை இழுக்க மாட்டார்கள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை இருந்தால் பேச்சை நிறுத்துங்கள்.

இரண்டாவது பெட்ரோல். நாடு முழுக்க இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் செய்த ஐரோப்பிய கார்களின் ரப்பர் ஹோஸ், சீல், பம்ப் எதுவும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வண்டியில் அந்த ஈரம் டேங்கிலேயே தங்கும். இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு ஹோஸ் கசிந்து சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. வாங்கிய முதல் வாரமே எரிபொருள் ஹோஸ்களை மாற்றுங்கள். காருக்குள் கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் வையுங்கள்.

மூன்றாவது இன்சூரன்ஸ். "ஃபுல் கவர் இருக்கு, பார்த்துக்கலாம்" என்ற நினைப்பில் பலர் ஏமாறுகிறார்கள். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இன்சூரன்ஸ் பணம் தராது. மோதினாலும்கூட, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள்; ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம்; பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதம். இப்படிக் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பையே நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் முன் பம்பர் கிழிந்தால் பாதிப் பணம் உங்கள் பையிலிருந்துதான்.

பேப்பரில் இருக்கும் வெடி

வண்டி நன்றாக இருந்து பேப்பர் கெட்டதாக இருந்தால், பணம் மட்டுமல்ல, வண்டியும் போகும். தூதரக அதிகாரிகள் பெயரில் வரி கட்டாமல் சொகுசுக் கார்களை இறக்குமதி செய்து விற்ற கும்பலை 2021-ல் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பிடித்தது. 2025 செப்டம்பரில் பூடான் வழியாக வந்த வண்டிகளைத் தேடிக் கேரளம் முழுக்கச் சுங்கத்துறை சோதனை நடத்தியது. இப்படிப்பட்ட வண்டியை நீங்கள் நல்ல பணம் கொடுத்து, நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் பறிமுதல் பறிமுதல்தான். ஆகவே ஆர்.சி. புக்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இறக்குமதி செய்தபோது போட்ட பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

டில்லி, புதுச்சேரிப் பதிவெண் என்றால் விலை குறைவாகத் தெரியும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். என்.ஓ.சி., தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்; வண்டி வயதுக்கேற்ப வரி குறைந்தாலும் இந்த விலைக் கார்களுக்கு அது லட்சங்களில்தான் வரும். 20 ஆண்டு தாண்டிய இறக்குமதிக் கார் என்றால், 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி பதிவைப் புதுப்பிக்க மட்டுமே 80,000 ரூபாய்.

பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்

அந்தக் குறிப்பிட்ட கம்பெனி வண்டியில் வேலை செய்து பழகிய மெக்கானிக் வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்த வண்டிக்கான கருவி அவரிடம் இருக்காது. வேறு ஊரிலிருந்து விமானத்தில் வரவழைத்தாலும் சரி, அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். கம்ப்ரெஷன், லீக் டவுன் சோதனை இரண்டும் எல்லா சிலிண்டருக்கும் செய்யட்டும். மேனுவல் போர்ஷேயில் இன்ஜின் எத்தனை முறை எல்லை மீறிச் சுழன்றது, எந்த மணி நேரத்தில் சுழன்றது என்ற பதிவு கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதிலேயே இன்ஜின் மொத்தம் ஓடிய மணி நேரமும் தெரியும். இன்ஜின் 1,200 மணி நேரம் ஓடியிருக்க, மீட்டர் 12,000 கிலோமீட்டர் காட்டினால் சராசரி வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். எந்த நகர நெரிசலிலும் ஒரு கார் ஆயுள் முழுக்க அப்படி ஊர்ந்திருக்காது. மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

விற்கிறவர் இந்தச் சோதனைகளுக்கு மறுத்தால், அல்லது "அட்வான்ஸ் போட்டுட்டு அப்புறம் பாருங்க" என்றால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சோதித்து வாங்குவதாக இருந்தாலும், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் அந்தக் கார் இப்போது உங்களுக்கு வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். வாங்கிய முதல் ஆண்டிலேயே கிளட்சுக்குப் பணமில்லாமல் ஷெட்டில் மூடிபோட்டு நிறுத்தி, வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் சும்மா இருக்க வேண்டாம். இந்தக் கார்களுக்கு ரீகால் வராது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். 2010-ல் தீப்பற்றும் அபாயத்துக்காக 1,248 ஃபெராரி 458 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2014-ல் ஆக்ஸிலரேட்டர் பெடலில் போலி பிளாஸ்டிக் சேர்ந்துவிட்டதால் ஆஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களைத் திரும்ப அழைத்தது. 2022-ல் அமெரிக்காவில் மட்டும் 23,555 ஃபெராரிகள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் கோளாறு, பிரேக்கே பிடிக்காமல் போகலாம் என்று எச்சரித்தார்கள். அந்தப் பட்டியல் 2005 மாடல் வரைக்கும் போனது. கை மாறி மாறி வந்த வண்டிக்கு இந்தக் கடிதங்கள் முதல் ஓனர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். உங்கள் சேஸிஸ் எண்ணோடு அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். ரீகால் வேலைக்கு வழக்கமாகக் கட்டணம் கிடையாது. பதில் வரும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.